முப்பத்தொன்றாம் பக்கம்

செத்துப்போன ஒருவன் பதினான்கு மாதத்தில் இருபத்திரண்டு முறை ஓட்டுப் போட்டிருந்தான்.

"இதுல சிரிக்க என்னப்பா இருக்கு?" என்று என்னை முறைத்தார் ரெகுலா ட்ஸ்கிராகென்.

"உயிரோட இருக்கறவங்களே பாதிப் பேர் போடறதில்ல மேடம். செத்தவராவது கடமையைச் செய்யறாரேன்னு சந்தோஷப்பட்டேன்."

ரெகுலா மேடம் முப்பது வருடம் போலீஸில் இருந்துவிட்டு, ட்ஸூக் நகரத்தில் ஒரு கேக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். நான் செவெரின், அவருடைய உதவியாளன். அறிவு அவருடையது, வாய் என்னுடையது என்பது எங்கள் ஒப்பந்தம். அன்று சனிக்கிழமை மாலை நாலு மணி. எதிரே உட்கார்ந்திருந்த இவோ ஹூர்லிமான் முகம் சுண்டிப்போய், கொடுத்த காபியைத் தொடாமல் இருந்தார்.

இவோ, 'பனிக்கண்' என்ற அமைப்பின் செயலாளர். மலைச் சரிவுகளில் கருவிகளை நட்டு, பனி நகர்ந்தால் கீழே இருப்பவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் அமைப்பு. அதற்கு முதலாளி கிடையாது. உலகம் முழுக்க ஏழாயிரம் உறுப்பினர்கள் 'கண்' என்ற கிரிப்டோ டோக்கன் வைத்திருக்கிறார்கள். ஒரு கண்ணுக்கு ஒரு ஓட்டு. கருவி எங்கே நடுவது, எங்கே வேண்டாம் என்பதெல்லாம் ஓட்டில்தான் முடிவாகும்.

"என்கிட்டகூட நானூறு கண் இருக்கு சார்" என்றேன். "ரெண்டு வருஷம் முன்னாடி ஏரிக்கரைத் திருவிழாவுல, ஒரு பீர் வாங்கினா நானூறு இலவசம்னு குடுத்தீங்களே. பீர் பிரமாதம்."

"ஓட்டுப் போட்டிருக்கீங்களா?"

"பீர் தீர்ந்ததோட உறவும் தீர்ந்துடுச்சு."

"போட்டிருந்தாலும் எண்ணியிருக்காது" என்றார் இவோ. "முதல்ல 'எனக்கு நானே பிரதிநிதி'ன்னு பேர் பதியணும். இல்லன்னா இன்னொருத்தரைப் பிரதிநிதியா வைக்கணும், அவர் போடலன்னா அப்புறம் நீங்களே வந்து போடலாம். ஓட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அதைச் செஞ்சிருக்கணும். செய்யாம அழுத்தினா 'நன்றி'ன்னு திரையில வரும், ஆனா கணக்குல பூஜ்யம். நிறைய பேர் பண்ற தப்பு."

"யார் சார் அந்த விதியை எழுதின மேதாவி?"

"நான்தான்."

நான் வாயை மூடிக்கொண்டேன். மேடம் மட்டும் சிரித்தார்.

செத்தவன் கதைக்கு வந்தார் இவோ. அவன் பெயர் லீனுஸ் ஹெர்கர், இருபத்தொன்பது வயது, எஞ்சினியர். அமைப்பில் எல்லோரும் புனைபெயரில்தான் உலவுவார்கள். அவனுடையது 'முங்க்'. மலை எலிக்கு எங்கள் பக்கத்துப் பேச்சுப் பெயர் அது. அறுநூற்றுச் சொச்சம் பேர் அவனைத் தங்கள் பிரதிநிதியாக வைத்திருந்தார்கள். அவன் ஒரு தடவை அழுத்தினால் ஒன்பதாயிரம் ஓட்டு விழும். போன வருடம் பிப்ரவரியில் ரோட்டெக் சரிவில் பனி சரிந்து செத்துப்போனான். முங்க்கும் லீனுஸும் ஒரே ஆள் என்பது அமைப்பில் இவோவுக்கு மட்டும்தான் தெரியும்.

"அடக்கத்துக்குப் போயிட்டு வந்தேன். மறு வாரம் பாத்தா, முங்க் ஓட்டுப் போட்டிருக்கான்" என்றார். "கையும் ஓடல, காலும் ஓடல. சரி, யாரோ குடும்பத்துல தெரியாம அழுத்திட்டாங்கன்னு விட்டேன். நிக்கவே இல்ல."

"இப்ப மட்டும் ஏன் அவசரம்?" என்றார் மேடம்.

"நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஒரு ஓட்டு முடியுது. ரோட்டெக் சரிவுல கருவி வைக்கலாமான்னு. அவன் செத்த அதே சரிவு. போன வருஷம் ஜனவரியில ஒரு தடவை கேட்டோம். குறைஞ்சது ஒரு லட்சம் ஓட்டு விழுந்தாதான் தீர்மானம் செல்லும். முந்நூத்திப் பன்னெண்டு ஓட்டு பத்தாம போச்சு. எதிர்ப்புன்னு ஒண்ணும் பெருசா இல்ல மேடம். ஆளுங்க வரல, அவ்வளவுதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இந்தத் தடவை முங்க் ஓட்டோட சேத்து ஒரு லட்சத்தைத் தாண்டியாச்சு. ஆனா அவன் பேர்ல ஓட்டுப் போடற மின்சாவியை எவனோ திருடி வச்சிருக்கான்னா, பின்னால தெரிஞ்சா மொத்தமும் செல்லாது. இந்தக் கோடையில கருவிக் கம்பம் நட முடியாது. அந்த ஊர்க்காரங்க இன்னொரு குளிர்காலம் கருவி இல்லாமதான் கழிக்கணும்."

முங்க் ஒவ்வொரு ஓட்டுக்கும் எழுதிய காரணங்களை அச்செடுத்து வந்திருந்தார். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். செத்ததற்கு முன்னால் எழுதியவை எல்லாம் ஒரு வரி. 'ஆமாம். சீக்கிரம் நடுங்க.' 'வேண்டாம். முட்டாள்தனம்.' செத்த பிறகு எழுதியவை பக்கம் பக்கமாக இருந்தன. ஆதரவு வாதம், எதிர்ப்பு வாதம், பிறகு முடிவு.

"செத்தப்புறம் நிதானம் வந்துடுச்சு போல" என்றேன்.

"நேரத்தைப் பாரு. மத்தவங்க முதல் நாள் போடறாங்க, இல்ல கடைசி ஒரு மணி நேரத்துல போடறாங்க. இந்த ஆள் அஞ்சாவது நாள்தான் போடறான். ஏன்?"

"சோம்பேறி."

"படிக்கறான்ப்பா. ஒவ்வொண்ணையும் முழுசாப் படிக்கறான். ஓட்டுத் திருட வந்தவன் எங்கயாவது எதிர்ப்பு வாதத்தைப் படிப்பானா?" பக்கத்தைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். நார்வேயில் ஏதோ ஒரு கருவிக்கான ஓட்டு அது. 'கம்பத்தைச் சாலையின் மேற்கு ஓரத்தில் நட்டால் பால் வண்டி எப்படித் திரும்பும்?'

"இவோ, லீனுஸோட அம்மா என்ன பண்றாங்க?"

"ஊரி மலையில பண்ணை. பதினோரு மாடு. ஆனா மேடம், அவங்களா இருக்க முடியாது. அடக்கத்தன்னிக்கு ஃபோன் சத்தத்தை எப்படி நிறுத்தறதுன்னே என்னைத்தான் கேட்டாங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். காலை ரயிலுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லி என்னைப் பார்த்தார்.

*

ஃப்ளூவெலன் வரை ரயில், அங்கிருந்து மஞ்சள் தபால் பஸ், அதற்கு மேல் நடை. ஏப்ரல் மாதம், மலையின் மேல் பாதியில் இன்னும் பனி. போகிற வழியில் நான் வாய் ஓயாமல் பேசினேன். "மாடு மேய்க்கற ஹேக்கர் மேடம். பால் கறந்த கையோட உலகத்தையே கறக்கறாங்க." மேடம் மேலே கைகாட்டினார். பாதைக்கு நேர் மேலே வெள்ளையாக, மொழுமொழுவென்று ஒரு சரிவு. அதன் அடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பஸ் நிறுத்தப் பலகை. அதற்குப் பிறகு நான் ஜோக் அடிக்கவில்லை.

ட்ரூடி ஹெர்கர் வாசலில் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, காலில் மட்டும் தொழுவத்துப் பூட்ஸ். அறுபத்திரண்டு வயது இருக்கும்.

"பனிக்கண்லேருந்தா?" என்றார்.

"அவங்க அனுப்பினாங்க" என்றார் மேடம்.

"வருவீங்கன்னு தெரியும். இவ்வளவு நாள் ஆகும்னுதான் நினைக்கல. உள்ள வாங்க, காத்து அடிக்குது."

சமையலறையில் உருளைக்கிழங்கும் மக்ரோனியும் பாலாடைக்கட்டியும் கலந்து வெந்துகொண்டிருந்தன. கேட்காமலே மூன்று தட்டு வைத்து, ஓரத்தில் ஆப்பிள் மசியலையும் வைத்தார். சுவரில் லீனுஸ் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அலமாரியில் தடிமனாக மூன்று கோப்புகள். மேடம் ஒன்றை உருவினார். ஒவ்வொரு ஓட்டின் தாள்களும் அச்செடுத்து, ஸ்கேல் வைத்துப் பென்சிலால் அடிக்கோடு போட்டு, தேதிவாரியாக அடுக்கியிருந்தன.

"எங்க அச்செடுக்கறீங்க?"

"ஊராட்சி ஆபீஸ்ல. அந்தப் பொண்ணு சமையல் குறிப்புன்னு நினைச்சுட்டிருக்கு."

"முங்க் சாவி?"

ட்ரூடி அம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்து, கட்டைவிரல் அளவுள்ள சின்னப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தார். ஒளிக்கவும் இல்லை, தயங்கவும் இல்லை. எனக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது. பதினெட்டு வருடமாகத் துப்பறிகிறேன், ஒரு குற்றவாளிகூட எனக்குச் சாப்பாடு போட்டதில்லை.

"அவன் மலை மேல இருக்கறப்ப சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். எனக்கு ஃபோன் பண்ணி, 'அம்மா, பெட்டிய எடு, பச்சைய அழுத்து'ம்பான். அப்படிப் பழகினதுதான்."

"அடக்கத்தன்னிக்கு ஃபோன் சத்தத்தை நிறுத்தத் தெரியலன்னு இவோ சொன்னாரே?"

"அன்னிக்கு எனக்கு என் பேரே தெரியலம்மா."

அடுப்பு மட்டும் இரைந்துகொண்டிருந்தது. மேடம் மெதுவாகக் கேட்டார். "ஏன் போட்டீங்க?"

"தொடர்ந்து நாலு தடவை போடலன்னா பிரதிநிதிகள் பட்டியல்லேருந்து பேரை எடுத்துடுவாங்க. கல்லறையில பேரை வெட்டியாச்சு. கம்பெனியில அவன் மேசைக்கு வேற ஆள் வந்தாச்சு. அந்தப் பட்டியல்ல மட்டும்தான் அவன் இன்னும் வேலை பாக்கற மாதிரி இருக்கு." பாத்திரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தார். "தப்புன்னு தெரியும். ஆனா ஏனோதானோன்னு போடல. எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் போட்டேன். புரியாததுக்கு வெத்து ஓட்டுப் போட்டேன்."

"எனக்கு இவோகிட்ட பொய் சொல்ல முடியாது ட்ரூடி அம்மா."

"சொல்ல வேண்டாம்."

"முங்க் ஓட்டை நீக்கிட்டா ஒரு லட்சம் தேறாது. கருவி வராது."

ட்ரூடி அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலில் அந்தச் சரிவு தெரிந்தது. "போன தடவை தீர்மானம் தோத்தப்ப அவன் சொன்னான். 'கருவி இல்லன்னா நானே போய் அளக்கறேம்மா. பிள்ளைங்க போற பாதை.' வியாழக்கிழமை தோறும் கோலை எடுத்துட்டுப் போவான். மூணு வியாழன் போயிட்டு வந்தான். நாலாவது வியாழன் வரல."

"அந்த ஓட்டுல நீங்க போட்டீங்களா?" சும்மா கேட்டு வைத்தேன்.

"போடாம? அறுபதாவது பிறந்த நாளுக்கு அவன் எனக்கு ஐநூறு கண் குடுத்தானே. ஃப்ளோராங்கற பேர்ல. ஃப்ளோரா எங்க மூத்த பசு."

என் கை தானாக ஃபோனை எடுத்தது. பனிக்கண்ணில் எல்லா ஓட்டும் பகிரங்கம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போன வருடம், ஜனவரி, ரோட்டெக். பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே போனேன். அகப்பட்டது.

ஃப்ளோரா. ஆமாம். எண்ணிக்கை: 0.

பேர் பதியாமல் அழுத்தியிருக்கிறார். 'நன்றி' என்று திரையில் வந்திருக்கும், சந்தோஷமாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருப்பார். பத்தாமல் போனது முந்நூற்றுப் பன்னிரண்டு. இவரிடம் இருந்தது ஐநூறு. மேசைக்கு அடியில் ஃபோனை மேடத்திடம் நீட்டினேன். அவர் பார்த்தார். முப்பது வருடப் போலீஸ் முகம் ஒரு கணம் உடைந்து, மறுபடி கூடியது. வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். இதைச் சொல்லத் தேவையில்லை. எந்தச் சட்டத்திலும் தேவையில்லை.

"தம்பி" என்றார் ட்ரூடி அம்மா, ஜன்னலிலிருந்து திரும்பாமலே. "எதுக்கு மேசைக்குக் கீழ ஒளிக்கற? ஃப்ளோரா பேருக்கு நேர பூஜ்யம். அதானே பாத்த?"

என் ஃபோன் தரையில் விழுந்தது.

"அடக்கம் முடிஞ்சு மூணாவது வாரம், விதிப் புத்தகத்தை அச்செடுத்துட்டு வந்தேன். நாப்பது பக்கம். முப்பத்தொண்ணாம் பக்கத்துல, அடியில, பொடி எழுத்து. மூணு தடவை படிச்சேன். சரியாத்தான் புரிஞ்சிருக்குன்னு தெரிஞ்சப்புறம் தொழுவத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்." திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அவன் எனக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தான். அது ஒண்ணை மட்டும் சொல்ல மறந்துட்டான். மறந்தது அவன், படிக்காதது நான். அதுக்கப்புறம் எதையும் படிக்காம விட்டதில்ல."

மேடம் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். மேடம் யார் தோளிலும் கை வைத்து நான் பார்த்ததில்லை.

ஏதாவது சொல்லிச் சமாளிப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அம்மா, என்கிட்ட நானூறு இருந்துச்சு."

"என்னது?"

"கண். அந்த ஜனவரியில என்கிட்டயும் நானூறு இருந்துச்சு. பீரோட இலவசமா வந்தது. நான் திறந்தே பாக்கல. நான் பேர் பதிஞ்சு போட்டிருந்தாலும்..."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன்னை மாதிரி எத்தனை பேர்?"

"போடாதவங்க மூவாயிரம் பேர் இருக்கும்மா."

"மூவாயிரம்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அந்த எண்ணை அவர் இதுவரை ஒரு தடவைகூட யோசித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பதினான்கு மாதமாக ஒரே ஒரு பூஜ்யத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "சாப்பிடு. ஆறிப்போச்சு" என்று என் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தார். மணி பத்து ஐம்பது.

அவர் எழுதியதை நான்தான் பனிக்கண் பொது அரங்கில் ஏற்றினேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

'முங்க் என்ற லீனுஸ் ஹெர்கர் சென்ற ஆண்டு பிப்ரவரியில் ரோட்டெக் சரிவில் இறந்துவிட்டான். அதன் பிறகு அவன் பெயரில் ஓட்டுப் போட்டது அவன் அம்மாவாகிய நான். அது தவறு. அந்த ஓட்டுகளை நீக்கச் சொல்லியிருக்கிறேன். அவனை நம்பி ஓட்டைக் கொடுத்தவர்கள் இனி தாங்களே வந்து போடலாம். இன்று மதியம் பன்னிரண்டு வரை நேரம் இருக்கிறது. ஆதரவு, எதிர்ப்பு இரண்டு வாதத்தையும் கீழே கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டுப் போடவும். ட்ரூடி ஹெர்கர்.'

"ஆமான்னு போடுங்கன்னு கேக்கலையே?" என்றார் மேடம்.

"அது அவங்க இஷ்டம்."

மேடம் இவோவுக்கு ஃபோன் செய்தார். நடந்ததை அப்படியே சொன்னார், எதையும் குறைக்கவில்லை. மறுமுனையில் இவோ அழுதுகொண்டிருந்தார். இரண்டு நிமிடத்தில் முங்க் ஓட்டு நீங்கியது; பட்டியலில் இருக்கும் பெயரைப் பன்னிரண்டு மணிக்கு எடுப்பதாகச் சொன்னார். எண்ணிக்கை தொண்ணூற்றாறாயிரத்துக்குச் சரிந்தது.

பதினொன்று பத்துக்கு ஒருவர் வந்தார். இருபது ஓட்டு. பிறகு எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பாதி உலகம் தூங்குகிறது, மீதி உலகம் சாப்பிடுகிறது. பதினொன்று முப்பதுக்கு மூன்று பேர். ட்ரூடி அம்மா திரையைப் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவினார். நான் துடைத்து அடுக்கினேன். பதினொன்று நாற்பதிலிருந்து ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். சிலர் காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தார்கள். 'படித்தேன். ஆமாம்.' 'படித்தேன். ஆமாம். மன்னிக்கவும்.' ஒருவர் 'படித்தேன், வேண்டாம்' என்றுகூடப் போட்டிருந்தார். அதை வாசித்தபோது ட்ரூடி அம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

"அவனும் படிச்சிருக்கான் பாரு."

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு எண்ணிக்கை ஒரு லட்சத்து இருநூற்றுப் பதினெட்டு.

"வந்துடுச்சும்மா. உங்க ஐநூறும் இதுல இருக்கு. இந்தத் தடவை எண்ணியிருக்காங்க."

அவர் தலையசைத்தார். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பட்டியலைக் காட்டு."

பிரதிநிதிகள் பட்டியலைத் திறந்தேன். முங்க் ஏழாவது இடத்தில் இருந்தான், ஒரு மலை எலி பல்லைக் காட்டும் படத்தோடு. தேவாலய மணி பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது. அது அடித்து முடிவதற்குள் திரை ஒருமுறை மினுங்கியது. எட்டாவது பெயர் ஏழாவது இடத்துக்கு ஏறிவந்தது.

ட்ரூடி அம்மா அந்த இடத்தில் விரலை வைத்து, எடுக்காமல் வைத்திருந்தார். "அவ்வளவுதானா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார், இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். நான் என் நானூறு கண்களைத் தேடி எடுத்தேன். 'எனக்கு நானே பிரதிநிதி' என்று ஒரு பொத்தான் இருந்தது. பெயரைப் பதிந்து அழுத்தினேன். மொத்தமாகவே இரண்டு நிமிடம்தான் ஆனது.